ஏலக்காய் ஆய்வறிக்கையில் வரும் மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றுவது எப்படி?

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகரான தாங்கள், ஆய்வக அறிக்கையில் பூச்சிக்கொல்லி எச்சம் ‘கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்’ என்றிருப்பதை மைக்ரோகிராமில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்ரோகிராம், மில்லிகிராம், கிராம், கிலோகிராம் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப் போல ஆயிரம் மடங்கு என்பதால், சிறிய அலகுக்கு இறங்கும்போது ஆயிரத்தால் பெருக்கவும், பெரிய அலகுக்கு ஏறும்போது ஆயிரத்தால் வகுக்கவும் வேண்டும். எனவே 0.01 மில்லிகிராம் என்பது 10 மைக்ரோகிராம். 50 கிலோ மூட்டை முழுவதற்கும் சேர்த்தால் 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். கடைத் தராசு இதற்கு அசையவே அசையாது.

பெரும்பாலோர் குழம்பும் இடம் வேறு. ‘கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்’ என்பதை ‘கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம்’ என்று எழுதும்போது இரு அலகுகளும் ஒருசேர ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால், எண் 0.01 ஆகவே நிற்கும்.