உள்ளூர் வாட்டர் போலோவில் சேர விரும்பும் சிட்னி தமிழர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 41 வயது. ஐம்பது மீட்டர் நீந்தினாலே மூச்சு வாங்குகிறது. கோடைக்கால உள்ளூர்ப் போட்டியில் சேரலாமா?

பதில்: சேரலாம். பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் நீர் விளையாட்டே வாட்டர் போலோ. கால் ஊன்றாமல் ஆழ்நீரில் நிமிர்ந்து நிற்கும் திறனே இவ்வாட்டத்தின் உயிர். நீந்தும் வேகம் அதற்கு அடுத்ததுதான். நாற்காலியில் அமர்ந்தவரைப் போல முதுகை நிமிர்த்தி, முழங்கால்களை அகட்டி, இரு கால்களையும் மாறி மாறி வட்டமாகச் சுழற்றுவதை எக்பீட்டர் உதை என்பார்கள். தவளை உதையில் உடல் ஏறி இறங்கும்; எக்பீட்டரில் ஒரு கால் ஓயும்போது மறு கால் தாங்குவதால் உடல் ஒரே மட்டத்தில் நிற்கும், கைகளும் பந்துக்கென விடுபடும். முதலில் கைகளால் நீரை அளைந்தபடியும், பழகியபின் இரு கைகளையும் நீருக்கு மேலே தூக்கியபடியும் நாள்தோறும் சில நிமிடங்கள் பயிலுங்கள். நீரில் ஓர் அணிக்கு எழுவர் ஆடினாலும் மாற்று ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். எனவே மூச்சு வாங்கினால் தயங்காமல் வெளியேறுங்கள். ஆழ்நீரில் பதற்றமின்றி மிதக்க இயலாதவர் மட்டும் முதலில் நீச்சல் வகுப்புக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்றதா?

பதில்: மிகவும் ஏற்றது. சிறுவர்களுக்கான எளிய வாட்டர் போலோவாகிய ஃபிளிப்பாபாலில் தொடங்குங்கள். அதில் குளத்தின் தரையில் கால் ஊன்றலாம். பெண்கள் வாட்டர் போலோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது நம் சிட்னியில், 2000இல். அமெரிக்காவுடனான இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு வினாடிக்குள் கோல் அடித்து ஆஸ்திரேலியா 4-3 என வென்றதை மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: குளோரினால் தோல் வறள்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கலாமா?

பதில்: கூடாது. எதிராளியின் பிடி வழுக்கும் என்பதால் விதியே அதைத் தடுக்கிறது.

கேள்வி: தலையில் மட்டும் தடவித் தொப்பி அணிந்தால்?

பதில்: தலையும் உடலின் பகுதியே. தாடைக்குக் கீழ் கயிற்றால் கட்டப்படும் அந்தத் துணித்தொப்பிக்குள் நீர் புகும். எண்ணெய் வெளியே கசியும். இறங்குமுன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயை வீட்டில் குளித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாலிக்கொடியையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்கிறார்களாமே? அம்மா மிகவும் வருந்துகிறார்.

பதில்: அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் காயம் விளைவிக்கக்கூடிய எதையும் அணிந்து இறங்க விதி இடம் தராது. எதிராளியின் சங்கிலியில் சிக்கி ஒருமுறை என் விரல்நகம் பிளந்தது. சங்கிலி சற்று உறுதியாக இருந்திருந்தால் அவர் கழுத்துக்கும் ஆபத்து நேர்ந்திருக்கும். அரைஞாண் கயிறும் அப்படித்தான். நகங்களையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரபை விட்டுத்தான் விளையாட வேண்டுமா? தாலியின் மேல் துணிப்பட்டை ஒட்டினால் போதாதா?

பதில்: போதாது. நனைந்த பட்டை உரியும், நீருக்கடியில் நடப்பது நடுவர் கண்ணுக்கு எட்டாது. ஆட்டம் முடியும் வரை தாலியை அம்மாவிடமே கொடுத்து வைக்கலாம். அதில் மரபுக்கு எந்தக் குறைவும் நேர்வதாக நான் கருதவில்லை.

கேள்வி: நல்லெண்ணெய் தடவலாமா?

பதில்: எந்த எண்ணெயும் ஆகாது, மேலே இருமுறை சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இளமையில் ஆடியவர்.

பதில்: மூத்தோர் பிரிவு 30 வயதிலேயே தொடங்குகிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆட்டம் அறிந்தவர் எந்த அணிக்கும் தேவை.