குர்குமினுக்கு −7.9 வந்தால் போதுமா?

மூலக்கூறு ஒரு புரதத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணிக்கும் ஆட்டோடாக் வைனா மென்பொருளில், கொரோனா வைரஸின் புரோட்டியேஸ் நொதியுடன் (புரதக் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் 6எல்யூ7) மஞ்சளின் நிறமி குர்குமினைப் பொருத்தியதில் மோலுக்கு −7.9 கிலோகலோரி வந்தது (எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இறுக்கம்), ப்ராஜெக்டை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம். வைனாவின் கணிப்பில் 2, 3 கிலோகலோரி பிழை சகஜம்.

6எல்யூ7-இல் உள்ள என்3 என்ற தடுப்பான், நொதியின் 145-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீனுடன் சகப்பிணைப்பில் (எலக்ட்ரான்களைப் பகிரும் வேதிப்பிணைப்பில்) இருக்கிறது. வைனா அதைக் கணக்கில் எடுக்காது. அதனால் ஒப்பிட, அதே நொதியின் இன்னொரு கட்டமைப்பான 6டபிள்யூ63 எடுங்கள். அதில் சகப்பிணைப்பு இல்லாமல் ஒட்டியிருக்கும் எக்ஸ்77 என்ற தடுப்பானை வெளியே எடுத்து மறுபடி பொருத்துங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (0.2 நானோமீட்டர்) வந்து உட்கார்ந்தால் உங்கள் அமைப்பை ஓரளவு நம்பலாம்.

அப்புறம், குர்குமினை ஈனால் வடிவில் (ஒரு கீட்டோன் தொகுதி, இரட்டைப் பிணைப்பை ஒட்டிய ஓஎச் தொகுதியாக மாறிய வடிவில்) வரைந்தீர்களா? கரைசலில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று: சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்மம்) இல்லாத நடுநிலைக் கரைசலில், உடல் வெப்பநிலையில், அரை மணி நேரத்திலேயே குர்குமினில் பெரும்பகுதி சிதைந்துவிடும். குடலும் அதிகம் உறிஞ்சாது. தலைப்பில் 'மருந்து' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.