நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், குளச்சல் விசைப்படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டருக்கும் (படகு எது, எங்கே இருக்கிறது என்று அறிவிக்கும் கருவி) நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் போர்க்கப்பலில் வரவில்லை. 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலிலேயே கைப்பற்றி வந்தார்கள். ஆயிரம் படகுகளுக்கு நடுவே அது ஆயிரத்தொன்றாவது; யார் கண்ணிலும் உறுத்தவில்லை. அதன்பிறகுதான் கடலோர ரேடார்கள், மீனவர் அடையாள அட்டை எல்லாம் வேகம் பிடித்தன. ஆனால் ரேடார் திரையில் படகு வெறும் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பெயர் கொடுப்பது டிரான்ஸ்பாண்டர்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தூத்தூர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். கரை மறைந்த சிறிது நேரத்திலேயே செல்போன் ஊமையாகிவிடும். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. இஸ்ரோ உருவாக்கிய இந்த டிரான்ஸ்பாண்டரில் செயற்கைக்கோள் வழியே இரு பக்கமும் செய்தி போகும். ஆபத்தென்றால் படகிலிருந்தே தகவல் அனுப்பலாம். 'உளவுக் கருவி' என்று முணுமுணுப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வசதியைத்தான், மும்பைக் கதையை அல்ல.