ஒன்ராறியோவில் வடக்கே கொட்டேஜ் (ஏரிக்கரை வாடகை வீடு) எடுத்துப் போனால் மீன் பிடிக்கலாமா, வேட்டையாடலாமா, மூஸ் என்ற பெரிய மானைப் பார்க்கலாமா?

மே மாத லோங் வீக்கெண்டுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காபுரோவில் இருந்து மூன்று குடும்பம், வயதான அப்பா அம்மா, வான் நிறையச் சாப்பாட்டுச் சாமான் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான் போனோம்.

வேட்டையை விடுங்கள். மூஸ் சுடப் பயிற்சி வகுப்பு, துப்பாக்கி லைசென்ஸ், புள்ளிக் கணக்கில் ஒதுக்கும் டாக் (tag, சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) எல்லாம் வேண்டும். சீசனும் இலையுதிர் காலத்தில்தான்.

மீன் வேறு. 18 முதல் 64 வயது வரை மாகாண அரசின் அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். 65 தாண்டிய கனடாவாசிக்கு வயதையும் வதிவிடத்தையும் காட்டும் அட்டை போதும். என் அப்பா அந்த ரகம். பருத்தித்துறைக் கடலில் நாற்பது வருடம் வலை இழுத்தவர். ஹாலிபர்ட்டன் பக்க ஏரியொன்றில், விடியக் காலை டொக்கில், அதாவது படகு கட்டும் பலகை மேடையில், நின்று தூண்டில் போட்டார். பத்து நிமிடத்தில் முழங்கை நீளத்தில் ஒரு ஸ்மோல்மவுத் பாஸ் மீன். சிவந்த கண், பச்சையும் கபிலமும் கலந்த உடம்பு, பலகையில் அடித்த அடியில் என் கோப்பித் தண்ணி கொட்டிப்போனது.

போனில் பார்த்தால் வால்ஐ என்ற மீனுக்குச் சீசன் திறந்திருந்தது. பாஸுக்கு ஜூன் பாதி போக வேண்டும்.

"பிடிச்ச மீனை விடுறதோ, தம்பி?" என்றார் அப்பா. "ஒரு மீன்தானே, ஆர் பாக்கப்போகினம்?" என்று மச்சான் கூலரைத் திறந்தான். இந்த நாட்களில் ஆண் மீன்தான் கூட்டில் முட்டைக்குக் காவல் நிற்கும், அதைத் தூக்கினால் மற்ற மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும் என்று சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கையை நனைத்தார், ஊக்கைக் கழற்றினார், மீனைத் தண்ணீருக்குள் சிறிது நேரம் பிடித்திருந்து விட்டார்.

'வந்துட்டார் சட்டம் பேச' என்று கீழே எழுத ஆயத்தமாகிறவர்களுக்கு: நானும் மீன் தின்கிறவன்தான், ஐயா.

மூஸ் பார்க்க அல்கொன்குவின் பூங்காவுக்குள் ஹைவே 60இல் விடியவே ஓடுங்கள். பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் பாதை. மாரியில் வீதிக்குப் போட்ட உப்பு ஓரப் பள்ளங்களில் தேங்கியிருக்கும். மே, ஜூனில் அந்தத் தண்ணீரைக் குடிக்க மூஸ் வரும். நாங்கள் கண்டது ஒரு பெட்டை. மாரி மயிர் உதிர்ந்து, பஞ்சு பிய்ந்த பழைய மெத்தை மாதிரி நின்றது. காரை விட்டு இறங்க வேண்டாம். இறங்கினால் மூஸுக்கு முன்னம் கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் எடுக்கும்.

கடைசியாக, கொட்டேஜ் எடுக்கும்போது துப்புரவுக் கட்டணத்தை வடிவாக வாசியுங்கள். எங்கள் வீட்டுக்காரர் மீன் மணம் என்று 150 டொலர் கழித்தார். ஒரு மீன்கூடக் கொண்டுவராத வீட்டுக்கு! அம்மா அங்கே கருவாடு பொரித்தது வேறு கதை.