கண்ணாடி போட்ட பையன் பைலட் ஆகலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பைலட் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கண்ணாடி பவர் மைனஸ் 2.5. "கண்ணாடி போட்டவனைச் சேர்க்க மாட்டார்கள், லேசர் செய்துவிடு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். செய்துவிடலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: லேசருக்கு அவசரமே இல்லை சகோதரி. பயணிகள் விமானம் ஓட்டக் கண்ணாடி ஒரு தடையல்ல. கண்ணாடி போட்டோ போடாமலோ ஒவ்வொரு கண்ணும் தனியாக 6/9 (இயல்பைவிடச் சற்றே குறைவு), இரண்டும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) தெரிய வேண்டும். சர்வதேச விதி அதுதான். கண்ணாடியோடு பறப்பவர் கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு கண்ணாடி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் விமானப்படையை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். அங்கே கெடுபிடி அதிகம். தவிர, இந்த வயதில் பவர் இன்னும் மாறிக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்காமல் விட்ட நிறப்பார்வைதான் எனக்குக் கவலை. சிவப்பு-பச்சைக் குறைபாடு பெரும்பாலும் தாய் வழியாகப் பையன்களுக்கு வருவது. உங்கள் அப்பாவோ அண்ணன் தம்பியோ மிளகாய்ச் செடியில் பழம் எது, காய் எது என்று தடுமாறியதுண்டா? உங்களுக்கு எல்லா நிறமும் நன்றாகத் தெரிந்தாலும் பையனுக்கு அது இறங்கியிருக்கலாம்.

விமானிக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஓடுபாதையின் ஓரம் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் சரியான உயரம். நான்கும் சிவப்பென்றால் விமானம் ரொம்பத் தாழ்ந்துவிட்டது. 2002 ஜூலை 26 அன்று, விடிவதற்கு முன், அமெரிக்காவின் டலஹாசியில் இறங்க வந்த ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் தாழப் பறந்து மரங்களில் மோதி விழுந்தது. ஓட்டிவந்த துணை விமானிக்கு நிறப்பார்வைக் குறைபாடு. களைப்பு முதலிய காரணங்களோடு விசாரணை அறிக்கை அதையும் சேர்த்தது. உள்ளே இருந்த மூவரும் காயங்களோடு பிழைத்தது அதிர்ஷ்டம்.

கான்டாக்ட் லென்ஸ் போடலாம். ஆனால் ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று மாற்றிப் போடுகிற வகை கூடவே கூடாது. 1996இல் நியூயார்க் லகார்டியாவில் ஒரு டெல்டா விமானம் இறங்கும்போது விளக்குக் கம்பங்களில் இடித்ததற்கு, கேப்டன் அந்த வகை லென்ஸ் போட்டிருந்ததால் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் போனதே காரணம் என்றார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் ஒரு கண் டாக்டரிடம் இஷிஹாரா சோதனை செய்யச் சொல்லுங்கள். புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்ணைப் படிக்கும் சோதனை, சில நிமிட வேலை. இணையத்தில் பார்த்து எண்களை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். தவறினாலும் விளக்கு வைத்துப் பார்க்கும் சோதனை என்று இன்னொரு வாய்ப்பு உண்டு. அப்புறம் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சோதனை, அடுத்து கிளாஸ் 1. பைலட் உரிமத்துக்குக் கடைசியில் கேட்பது கிளாஸ் 1தான். அது கைக்கு வரும்வரை ஃபிளையிங் ஸ்கூலுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள், "சீட் போய்விடும்" என்று அவர்கள் எத்தனை முறை போன் செய்தாலும்.