பேக்கப் என்றால் என்ன? வீட்டுக் கணினிக்கும் அது தேவையா?

முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு நகல் எடுத்து வேறொரு இடத்தில் வைத்திருப்பதுதான் பேக்கப். வீட்டுக் கணினிக்குக் கட்டாயம் தேவை. குழந்தையின் முதல் புகைப்படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அதன்மேல் தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. என்றாவது அது பழுதாகத்தான் செய்யும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனமும் பல நேரம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும்.

வீட்டின் மாற்றுச்சாவியை அதே சாவிக்கொத்தில் கோத்து வைத்தால், கொத்து தொலையும்போது இரண்டும் போய்விடும். அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டரில் எடுத்த நகலும் அப்படித்தான். அதனால்தான் 3-2-1 என்றொரு வழக்கம்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், 1 வீட்டுக்கு வெளியே. வெளியிலிருந்து செருகும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்தால், எடுத்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் விடாது. அவ்வப்போது நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

கிளவுடோடு, அதாவது இணையச் சேமிப்பிடத்தோடு, தானாக ஒத்திசையும் ஃபோல்டரே பேக்கப் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கணினியில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அங்கும் அழிந்துவிடும், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில்கூட அது 30 நாள்தான் இருக்கும்.