63 வயதில் சிகரெட்டை விட்டு இனி என்ன பிரயோஜனம்?

கேள்வி: "அப்பாவுக்கு 63 வயது. நாற்பது வருடமாகச் சிகரெட் பிடிக்கிறார். இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார். உண்மையிலேயே பலன் உண்டா?"

உண்டு. கேட்டது மகனா மகளா தெரியவில்லை, மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பா மொட்டை மாடிக்குப் போய்ப் பிடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் போனில் பார்த்த கேன்சர் வீடியோவை எல்லாம் அவருக்கு அனுப்புவீர்கள், அவர் திறந்தே பார்க்க மாட்டார். சரிதானே தம்பி? நான் அந்த அப்பாவின் இடத்தில் இருந்தவன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கோவையில் உலோகம் வார்க்கும் ஒரு பவுண்டரியில், மணலில் அச்சு செய்யும் மோல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சிகரெட்டை விட்டது 61 வயதில். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துத் திருந்தினேன் என்றெல்லாம் கதை விடமாட்டேன். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனபோது மயக்க மருந்து டாக்டர் என் விரல் நுனியில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். "ஒரு மாசம் சுத்தமா நிறுத்திட்டு வாங்க, அப்புறம் தேதி குறிக்கலாம். புகை பிடிச்சா புண்ணு சீக்கிரம் ஆறாது. நீங்க இருமுற இருமலுக்குத் தையலும் நிக்காது" என்றார். கேன்சர் வரும் என்று பயமுறுத்தியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து பெட்டிக்கடையில் தொங்கும் நெருப்புக் கயிற்றைத்தான் தேடியிருப்பேன். தையல் பிரியும் என்றதும் பயம் வந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவனிடம் எங்கோ இருக்கும் சாவைப் பற்றிப் பேசாதீர்கள். அடுத்த மாதம் நடக்கப்போவதைச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பான்.

விட்டதும் வீட்டுக்கு வந்து பயம் காட்டியவர்கள்தான் அதிகம். "பழகின உடம்புங்க மாமா, திடீர்னு விட்டா தாங்காது. எங்க பக்கத்து வீட்டுக்காரர் விட்டு மூணே மாசத்துல போய்ச் சேர்ந்துட்டார்" என்றான் என் மச்சினன். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷன் ஏன் விட்டார்? நெஞ்சுவலியோ எடை குறைவதோ ஏதோ ஒன்று ஏற்கெனவே வந்து, படுக்கையில் விழுந்த பிறகு விட்டிருப்பார். கொன்றது அந்த வியாதி. பழி மட்டும் சிகரெட்டை விட்டதன் மேல். நம் ஊரில் பலரும் இப்படி நோய் முற்றிய பிறகே விடுகிறார்கள், அதனால்தான் இந்தக் கதை ஊருக்கு ஊர் ஓடுகிறது.

கணக்கு வேண்டுமா? பிரிட்டனில் 1951-ல் தொடங்கி ஐம்பது வருடம் முப்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களையே கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2004-ல் அந்த முடிவு வந்தது. விடாமல் பிடித்தவரைவிட, 30 வயதில் விட்டவருக்குச் சுமார் பத்து வருட ஆயுள் கூடுதல், 40-ல் ஒன்பது, 50-ல் ஆறு, 60-ல் மூன்று. மூன்று வருடம்தானா என்று இளவட்டங்களுக்குத் தோன்றும். என் வயதில் அது பேத்தி பத்தாவது எழுதுவதைப் பார்ப்பதா இல்லையா என்ற கேள்வி. அந்த ஆய்வைத் தொடங்கிய ரிச்சர்ட் டால் அவரும் சிகரெட் பிடித்தவர்தான். தன் கையில் வந்த புள்ளிவிவரத்தைப் பார்த்து நிறுத்தியவர், 92 வயது வரை இருந்தார்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சார்" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு: விடாமல் பிடிப்பவர்களில் பாதிப் பேராவது அதனாலேயே சாகிறார்கள். உங்கள் தாத்தா மீதியில் இருந்திருக்கிறார். சந்தோஷம்.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நுரையீரலில் போனது போனதுதான். ஒரே மூச்சில் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்த டாக்டர் எனக்கு விளக்கினார். முதல் ஒரு நொடியில் வெளியே வரும் காற்று வயதாக ஆக எல்லோருக்கும் குறையும். விட்ட ஆண்களுக்கு வருடத்துக்குச் சுமார் 30 மில்லி குறைகிறது, விடாதவர்களுக்கு 60-க்கும் மேலே. இருப்பதையாவது மெதுவாகச் செலவழிக்கலாம், அவ்வளவுதான். இதயத்துக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தெரியும். புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஒரு வருடத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இதோடு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் ரிப்போர்ட்டில் "புகை பிடித்தவர்" என்று ஒரு வரி இருக்கிறது. முப்பது வருடம் வார்ப்பைத் தட்டி மணல் உதிர்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றேனே, அது பற்றி ஒரு எழுத்து இல்லை. மாஸ்க் கேட்டால் ஈரத் துண்டைக் கட்டிக்கொள் என்றுதான் கம்பெனியில் சொன்னார்கள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். என்னோடு வேலை பார்த்து, சிகரெட்டைத் தொடாமலே மூச்சு வாங்கிச் செத்தவன் இருக்கிறான். சிகரெட் பிடித்தவன் என்று எழுதிவிட்டால் அத்தனை பேருக்கும் வசதி. இதை வைத்துச் சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். மணல் தூசிக்கு மேல் புகையும் சேர்ந்தால் இரட்டை அடி.

சரி, உங்கள் அப்பா விஷயம். விட்ட புதிதில் இருமல் கூடலாம். எனக்குச் சளி கட்டி கட்டியாக வந்தது. மூச்சுக்குழாய்க்குள் படுத்துக் கிடந்த நுண்முடிகள் திரும்ப வேலை செய்து கசடை வெளியே தள்ளுவதால் வருவது அது. சில வாரத்தில் அடங்கியது. ரத்தம் வந்தாலோ இருமல் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். மலச்சிக்கல் வரும், கோபம் வரும். அந்த நாட்களில் அவரோடு சொத்துப் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காபியைக் குறைக்கச் சொல்லுங்கள். இது பலருக்குத் தெரியாது. புகையில் உள்ள பொருட்கள் காபியின் கஃபீனை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும். புகை நின்றதும் அதே டம்ளர் காபி உடம்பில் இரண்டு மடங்கு நேரம் நிற்கும். எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தது இதனால்தான். சிகரெட் இல்லாததால் வரும் ஏக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

சிகரெட் ஏக்கத்தை அடக்க நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் கிடைக்கும், நான் வாங்கியபோது சீட்டு கேட்கவில்லை. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கல்தான் வரும். மிளகு கடித்தாற்போல் காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த வாயோடு போட்டால் சரியாக ஏறாது, கால் மணி நேரம் விட்டுப் போடச் சொல்லுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, அதிலும் யோசனை கேட்கலாம். அப்பாவுக்கு இதய மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.